திங்கட்கிழமையே போட்ட டிக்

"மேடம், நீங்க அனுப்புனது சாமை அரிசிங்களா, சாமை ரவைங்களா?"

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. பேசியவர் கோயம்புத்தூரில் பத்துக் கடை வைத்திருப்பவர். எங்கள் மில்லின் பெரிய வாடிக்கையாளர். கோபப்படத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்கள் நிதானமாகக் கேள்வி கேட்டால்தான் எனக்குப் பயம்.

"பாதி உடைஞ்சு குருணையா இருக்குதுங்க. மீதியில உமி ஒட்டிட்டு இருக்குதுங்க. சனிக்கிழமை லோடும் இதே மாதிரிதான்னா... அனுப்பவே வேண்டாங்க மேடம்."

வைத்துவிட்டார். நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். கவலை வந்தால் உட்கார முடியாது. ஆபீஸிலிருந்து குடோன், குடோனிலிருந்து கேட், கேட்டிலிருந்து மறுபடி ஆபீஸ். "நீ நடக்கிற நடையை நேராப் போட்டிருந்தா இந்நேரம் வெள்ளிமலையே ஏறியிருக்கலாம்" என்பார் என் கணவர். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில்தான் மில். கல்வராயன் மலையில் விளைகிற சாமையை வாங்கி, உமி நீக்கி, அரிசியாக்கி வெளியூருக்கு அனுப்புகிறோம். மொத்தம் பதினோரு பேர். அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

ஆனால், அன்றைய நடையில் கவலையைவிடக் குழப்பம்தான் அதிகம். ஏன் தெரியுமா? எங்கள் மில் வரலாற்றிலேயே எல்லாம் 'சரியாக' நடந்துகொண்டிருந்த மாதம் அது. சிவப்பு ஃபைலைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒன்றுகூட விடுபடவில்லை. டிக் எல்லாம் சரி, அரிசி மட்டும் ரவை. இது எப்படி?

சிவப்பு ஃபைல் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கிறேன்... எதிரில் நர்ஸ் என் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "ரொம்ப நேரமா அடிச்சிக்கினே இருக்குதும்மா, ஏதோ அவசரம் போல." வாங்கிப் பேசினேன். மறுமுனையில் எங்கள் மேனேஜர் குமரேசன். "மேடம், நல்லா இருக்கீங்களா? குடோன் சாவி எங்க வச்சீங்க?"

சாவி இருக்கிற இடம் என் தலையில். மலையில் யாரிடம் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது குமரேசன் தலையில். மெஷின் மல்லிகா தலையில். எந்தத் தலைக்காவது ஜலதோஷம் பிடித்தால் மில்லுக்கே தும்மல்.

அதன் பிறகு சென்னையில், சிறுதொழில் செய்கிறவர்களுக்கான ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். ஏ.சி. ஹால், மதியம் நல்ல சாப்பாடு. பேசியவர் டை கட்டியிருந்தார். "நீங்க பத்து நாள் லீவு போட்டா உங்க கம்பெனி ஓடுமா? ஓடாதுன்னா நீங்க முதலாளி இல்லை, அங்க வேலை பார்க்கிற இன்னொரு ஆள்" என்றார். சுருக்கென்றது. எல்லா வேலையையும் எழுதிவையுங்கள், யார் வந்து நின்றாலும் அதைப் படித்துச் செய்யும்படி எழுதுங்கள் என்றார். தவறே இல்லை. நூற்றுக்கு நூறு சரி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். "இவர் இல்லாம நடக்காதுங்கற நிலைமையில எந்த ஆளையும் வச்சுக்காதீங்க." அந்த வாக்கியம் எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்து அந்தச் சிவப்பு ஃபைலை வாங்கினேன். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, 'உங்கள் வேலையை வரிசையாக எழுதுங்கள்' என்றேன். குமரேசன் பன்னிரண்டு பக்கம் எழுதினார். அதில் நான்கு பக்கம், டீ எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பது. மல்லிகா ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 'மிசின் போடணும், அரிசி வரும்.'

மல்லிகாவைப் பற்றி ஒரு வார்த்தை. நைனார்பாளையத்துக்காரர். வயது நாற்பத்துச் சொச்சம். இரண்டு பஸ் மாறி வருவார். எட்டாவது வரை படித்திருக்கிறார். உமி நீக்குகிற மெஷின் முன்னால் அவர் நிற்கிறபோது நான் பக்கத்தில் போக மாட்டேன் — நமக்கு என்ன தெரியும் அங்கே? நான்கு வருஷமாகச் சாமை உடையாமல் வந்ததென்றால் அது அவர் கை.

"என்ன மல்லிகா, இவ்ளோதானா?"

"எழுதறதுக்கு வேற இன்னாக்கா இருக்குது? அதானே வேலை."

சரி, எழுத வராது போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன். குமரேசனைக் கூப்பிட்டு, "மூணு நாள் மல்லிகா பக்கத்துல நில்லுங்க. அவங்க என்ன பண்றாங்களோ அப்படியே எழுதுங்க" என்றேன். அவரும் நின்றார். பத்தொன்பது படிகள் கிடைத்தன. பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை பிரித்து ஈரம் பார்க்கணும், சல்லடை தட்டணும், மெஷின் வேகம் இந்த எண்ணில் வைக்கணும்... அழகாக டைப் அடித்து, கட்டம் போட்டு, மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டோம். தினம் ஒவ்வொரு படிக்கும் ஒரு டிக்; வாரம் முடிந்ததும் அட்டை சிவப்பு ஃபைலுக்குள் போகும்.

இரண்டாவது வாரமே ஒரு கூத்து. புதன்கிழமை அந்தப் பக்கம் போனவள், அட்டையைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"மல்லிகா, இன்னிக்குப் புதன்தானே?"

"ஆமாக்கா."

"வெள்ளிக்கிழமைக்கும் டிக் இருக்குதே?"

"வெள்ளிக்கிழமையும் இதையேதானக்கா பண்ணப்போறோம். அதான் திங்கக்கிழமையே மொத்தமா போட்டு வுட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முதலாளி சிரிக்கலாமா? முகத்தை இறுக்கிக்கொண்டு, "டிக்குன்னா விளையாட்டு இல்ல மல்லிகா. செஞ்சு முடிச்ச பிறகுதான் போடணும். செய்யறதுக்கு முன்னாடி போட்டா அதுக்குப் பேரு பொய்" என்று ஒரு லெக்சர் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒழுங்காக அன்றன்றைக்கு டிக்.

அத்தோடு விட்டேனா? சிஸ்டம் ருசி கண்ட பூனை நான். அடுத்து என் கண்ணில் பட்டது சாக்கு.

மலையிலிருந்து வருகிற மூட்டைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்று உரச் சாக்கு, ஒன்று சர்க்கரைச் சாக்கு. ஒன்றின் வாயில் கிழிந்த சேலைத் துண்டு, இன்னொன்றில் கற்றாழை நார், வேறொன்றில் ஆடு கட்டுகிற நீலக் கயிறு. பார்க்கவே அலங்கோலம். இது என்ன கம்பெனியா, காயலான் கடையா? மில் பெயர் அச்சடித்த வெள்ளைச் சாக்கு வாங்கி, மலைக்கே அனுப்பி, அதில் கொட்டி, வாயை மெஷினில் தைத்து, வரிசை எண் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். குடோனில் வெள்ளை வெளேரென்று அடுக்கி நின்றபோது எனக்கு என்ன பெருமை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அறுபது பேர் பார்த்தார்கள்.

அந்தச் சாக்குகளிலிருந்து போன முதல் லோடுதான் கோயம்புத்தூருக்குப் போனது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மூன்று சுற்று நடந்து முடித்து நேராக மெஷின் பக்கம் போனேன்.

"மல்லிகா, இன்னா ஆச்சு? கோயம்புத்தூர்ல ரவையான்னு கேக்கறாங்க."

அவர் மெஷினை நிறுத்தினார். அட்டையைக் காட்டினார்.

"இதுல இன்னா போட்டிருக்குதோ அதையேதானக்கா பண்ணேன்."

"உடைஞ்சது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது. குமரேசன் அண்ணன்கிட்ட சொன்னேன். அட்டைப்படி பண்ணும்மான்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் ரொம்ப மோசமானது, கிட்டே இருப்பவர் மேல்தான் விழும். பதினோரு பேரில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "அட்டையைப் பாத்துப் பண்றதுக்கு நீ எதுக்கு? உன் இடத்துல யார் நின்னாலும் ஒண்ணுதானே?"

மல்லிகா சாயங்காலம் வரை வேலை செய்தார். அட்டையில் பத்தொன்பது டிக் போட்டார். போனார்.

புதன்கிழமை வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

'யார் நின்னாலும் ஒண்ணுதான்' என்றேன் அல்லவா? அன்று குமரேசன் நின்றார். பத்தொன்பது படியையும் சத்தமாகப் படித்துப் படித்துச் செய்தார். மெஷினுக்கே பாடம் நடத்துவது போல இருந்தது. வந்ததை முறத்தில் கொட்டிப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமையைவிட ஜாஸ்தி குருணை. குமரேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், அட்டையில இருக்கறது எல்லாம் பண்ணிட்டேன். அட்டையில இல்லாதது ஏதோ இருக்குது" என்றார். பன்னிரண்டு பக்கம் எழுதின மனிதர் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். வியாழக்கிழமை காலை நைனார்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். சின்னசேலத்தில் இறங்கி மாறியபோது பஸ் காலியாகத்தான் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா. நின்னுக்கினு போனா பஸ்ஸு சீக்கிரம் போயிடுமா?" என்றார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி எழுந்துவிட்டேன்.

மல்லிகா வீட்டு வாசலில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் ஒடிக்கிற வேலையாம். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"வாங்க மேடம்."

நான்கு வருஷமாக அக்கா. இன்றைக்கு மேடம். நாற்காலி போட்டார். அன்று முதன்முறையாகச் சொன்ன இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தேன்.

"நான் பேசினது தப்பு மல்லிகா. எல்லார் முன்னாடியும் பேசியிருக்கக் கூடாது."

"எல்லார் முன்னாடியும் பேசனது இருக்கட்டும். நீங்க சொன்னது நெசந்தானே? அதுக்குத்தானே அட்டை."

அவரே தொடர்ந்தார்.

"நான் இங்க வர்றதுக்கு மின்ன ஒரு ஜவ்வரிசி மில்லுல இருந்தேன். வறுக்கற சட்டி என் பொறுப்பு. ஒம்போது வருசம். ஒரு நாளு மொதலாளி ரெண்டு பேர இட்டுக்கினு வந்து, 'மல்லிகா, ஒன்ன மாதிரி ஆளே கிடையாது, இவங்களுக்கு நல்லா கத்துக் குடு'ன்னாரு. எனக்கு ஒரே பெருமை. ஒரு மாசம் ஒண்ணு வுடாம கத்துக் குடுத்தேன். சூடு எப்படிப் பாக்கறது, எப்ப கிளர்றது, எல்லாம். அடுத்த மாசம், 'இப்ப சீசன் கம்மி, வூட்டுல இரு, சொல்லி அனுப்பறோம்'னாங்க. நானும் தெனம் போனை வச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

"அனுப்பினாங்களா?"

"இன்னும் அனுப்பறாங்க" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்புறம் நீங்க ஒரு நோட்டக் குடுத்து எழுதுன்னீங்க. குமரேசன் அண்ணன வேற மூணு நாளு பக்கத்துல நிக்க வச்சீங்க. நான் இன்னா நெனைக்கறது? எம்பொண்ணு நர்சிங் கடைசி வருசம் மேடம். இந்த ஒரு வருசம் எனக்கு வேலை இருக்கணும்."

இப்போது அந்த வெட்கமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏ.சி. ஹாலில், 'எந்த ஆளையும் அப்படி வச்சுக்காதீங்க' என்று டை கட்டியவர் சொன்னபோது, என் மனதில் முதலில் வந்த முகம் எது தெரியுமா? மல்லிகாதான். இவர் ஒருநாள் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே நான்கு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஃபைல் வந்துவிட்டால் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து, அன்று மதியம் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால், அனுப்ப முடியும் என்பது பிடித்திருந்தது. அவருக்கு அது நோட்டைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது.

அவரிடம் இதைச் சொன்னேன். ஐஸ்கிரீமைத் தவிர எல்லாவற்றையும்.

மல்லிகா தலைத்துண்டின் முடிச்சை இறுக்கினார். பிறகு, "அந்தப் பழைய சாக்கெல்லாம் இன்னா பண்ணீங்க?" என்றார்.

"மலைக்கே திருப்பி அனுப்பிட்டோம். ஏன்?"

"அதுலதானக்கா எல்லாம் இருந்துச்சு."

'அக்கா' திரும்பி வந்துவிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை. சாக்கில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மலையில் ஒவ்வொரு ஊரிலும் மூட்டை கட்டுகிற விதம் வேறு. நார் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே உள்ள ஊர்கள். அவர்கள் கதிரைப் பாறையில் அடித்து, பாறையிலேயே காய வைப்பார்கள். பாறைச் சூட்டில் சாமை முறுகக் காய்ந்துவிடும். அதை வேகமாக விட்டால் உடையும். நீலக் கயிறு என்றால் ரோட்டோர ஊர். ரோட்டில் ஒருநாள் காயப் போட்டு, மழை மேகம் பார்த்ததும் அள்ளிவிடுவார்கள். அதில் ஈரம் நிற்கும். அரை நாள் வெயில் காட்டாமல் விட்டால் உமி போகாது. சேலைத் துண்டு இரண்டுக்கும் நடுவில். மல்லிகா முடிச்சைப் பார்த்துத்தான் மூட்டைகளைத் தனித்தனியாகப் பிரிப்பார். முடிச்சைப் பார்த்துத்தான் வேகம் வைப்பார்.

"அப்ப பத்துக்கு ஒரு மூட்டை ஈரம் பாக்கறது?"

"யாரு பத்துக்கு ஒண்ணு பாத்தது? ஒரு முடிச்சுக்கு ஒண்ணு பாப்பேன். அந்த மூணு நாளு வந்த லோடு, கணக்குக்குப் பத்துக்கு ஒண்ணா வந்திருக்கும். குமரேசன் அண்ணன் அத எழுதிட்டாரு."

மூன்று நாள் பக்கத்தில் நின்று அவர் கை செய்ததையெல்லாம் எழுதினோம். கண் செய்ததை எழுதவில்லை. அதோடு நிற்காமல், கண் பார்த்துக்கொண்டிருந்ததையும் பிடுங்கி, வெள்ளைச் சாக்கில் போட்டுத் தைத்துவிட்டு, ஸ்டேட்டஸ் வேறு வைத்தோம். பாறையும் ரோடும் ஒரே மூட்டை வரிசையில் கலந்து, ஒரே வேகத்தில் ஓடி... ஒன்று ரவை, ஒன்று உமி.

"வெள்ளைச் சாக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமே மல்லிகா?"

"சொல்லலாம்தான். சொன்னா அதையும் அட்டையில எழுதிடுவீங்களே."

எப்படி இருக்கிறது? எங்கள் கம்பெனியின் 'கலாச்சாரம்' முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. நாங்கள் கட்டமும் ஃபைலும்தான் மாற்றினோம். எழுதிக் கொடுத்தால் தனக்கு என்ன ஆகும் என்று ஒரு ஆள் பயந்துகொண்டிருக்கிற இடத்தில் எத்தனை ஃபைல் வாங்கினால் என்ன? உண்மை தலையில் இருக்கும், டிக் அட்டையில் இருக்கும்.

"எழுதித் தரியா மல்லிகா? எல்லாத்தையும்?" என்றேன். கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாமலே கேட்டேன்.

துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். "தரேன். ஆனா மொதப் பக்கத்துல நீங்க ஒண்ணு எழுதணும். நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்த பெறவும் நான் இங்கதான் இருப்பேன்னு."

இவ்வளவுதானா என்று நினைக்கிறீர்களா? சாவி இருக்கிற இடத்தை எழுதச் சொன்னால் எழுதுவேன். வருகிற வருஷம் மழை பெய்யுமா, கோயம்புத்தூர்க்காரர் வாங்குவாரா, என் மில்லே இருக்குமா என்று எனக்கே தெரியாதபோது, இதை எப்படி எழுதுவது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'சொல்லி அனுப்பறோம்' என்பதும் இதுவும் ஒன்றுதானே என்று அடுத்த நொடியே உறைத்தது.

"எழுதறேன். வா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மல்லிகா முதல் பஸ்ஸில் வந்தார். குடோனில் வெள்ளைச் சாக்கையெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பாறை ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம். ரோட்டுச் சாமை வெயிலுக்குப் போனது. குமரேசன் மலைக்குப் போன் போட்டு, "சாக்கு எங்களோடதா இருக்கட்டும்ங்க, கட்டறது உங்க இஷ்டப்படி கட்டுங்க" என்றார். மலையில் சிரித்திருப்பார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லிகா நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு பக்கம். எழுத வராதவர் என்று நான் முடிவு செய்த அதே மல்லிகாதான். 'பாறைச் சாமைன்னா மெதுவா வுடணும். கடிச்சா டக்குன்னு ஒடையும், அதான் அடையாளம்.' குமரேசன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், நல்ல தமிழ்ல மாத்தி டைப் அடிச்சிரட்டுமா?" என்றார். ஒரு எழுத்தைத் தொட்டால் டீக்கடைப் பக்கங்கள் நான்கையும் கிழித்துவிடுவேன் என்றேன்.

முதல் பக்கத்தை நான் எழுதினேன். மூன்று தாள் கசக்கிப் போட்ட பிறகு வந்தது இதுதான்: 'இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் மல்லிகா. சொல்லிக்கொடுத்த காரணத்தால் அவர் வேலை போகாது. இனி வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை.' கீழே கையெழுத்து. மில் சீல்.

சனிக்கிழமை லோடு போய்விட்டது. கோயம்புத்தூரிலிருந்து இதுவரை போன் இல்லை. வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதை விடுங்கள். என்னை நிம்மதியாக உட்கார விடாமல் செய்வது வேறு. வெள்ளிக்கிழமை அந்த முதல் பக்கத்தை மல்லிகா கையில் கொடுத்தேன். விரல் வைத்து இரண்டு முறை படித்தார். என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மெஷினைப் போடப் போகும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"நீங்களும் திங்கக்கிழமையே மொத்தமா டிக் போட்டுட்டீங்களேக்கா."

அன்றிலிருந்து மறுபடி நடந்துகொண்டிருக்கிறேன்.